இனச் சலுகையைக் கண்டறிவதும் எதிர்ப்பதும்

இனச் சலுகை, அதாவது ஒருவர் பிறந்த இனத்தின் காரணமாகக் கேட்காமலேயே கிடைக்கும் அனுகூலம், பெரும்பாலும் நமக்கு நேராமல் போனவற்றில்தான் ஒளிந்திருக்கிறது. கடைக்குள் நுழைந்ததும் காவலாளி பின்தொடராமல் இருப்பதும், வாடகைக்கு வீடு கேட்கும்போது நம் பெயரைக் கேட்டவுடன் பேச்சு முடிந்துவிடாமல் இருப்பதும், நாம் செய்த ஒரு தவறு நம் இனத்தார் அனைவரின் தலையிலும் ஏற்றப்படாமல் இருப்பதும் அனைவருக்கும் வாய்ப்பதில்லை. ஆகவே, கடந்த ஓராண்டில் உங்களுக்கு நேராத இத்தகைய அவமதிப்புகளைப் பட்டியலிடுவதிலிருந்து தொடங்குங்கள்.

எழுதும்போதே, 'நானும் பாடுபட்டுத்தான் முன்னேறினேன்' என்ற எண்ணம் எழும். அது உண்மையாகவே இருக்கலாம். வறுமையும் நோயும் எந்த இனத்தவரையும் வாட்டக்கூடியவை. அந்தப் பாடுகளுக்கு மேல் இனத்தின் பெயரால் இன்னொரு சுமை ஏற்றப்பட்டதா என்பதே இங்குள்ள கேள்வி.

அடுத்து, யாரும் வெறுப்போடு நடந்துகொள்ளாத இடங்களையும் ஆராயுங்கள். என் பார்வையில் மிகவும் கவனிக்கப்படாத பகுதி இதுதான். விரல் நுனியில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர், தோலின் ஊடாக ஒளியைச் செலுத்தி இரத்தத்திலுள்ள ஆக்சிஜனை அளக்கிறது. தோலின் நிறமியும் அந்த ஒளியை உறிஞ்சுவதால் அளவு பிசகக்கூடும். ஆக்சிஜன் குறைந்திருப்பதை இக்கருவி தவறவிடுவது, வெள்ளையின நோயாளிகளைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம் என அமெரிக்காவில் 2020-இல் வெளியான ஆய்வு காட்டியது. எந்தக் கருவியைப் பயன்படுத்தினாலும், எந்த விதியை வகுத்தாலும், அது யாரை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டது, யாரிடம் சோதிக்கப்பட்டது என்று கேளுங்கள்.

சொத்தின் வரலாற்றையும் விட்டுவிடக் கூடாது. அமெரிக்காவில் 1930-களில் அரசு நிறுவனமே நகர வரைபடங்களில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளைச் சிவப்பாகக் குறித்து, கடன் கொடுப்பதற்கு ஆபத்தானவை என்று வகைப்படுத்தியது. 1968-இல் வீட்டுவசதிப் பாகுபாடு சட்டத்தால் தடைசெய்யப்பட்டபோதிலும், அதற்குள் கடன் பெற்று வீடு வாங்கிவிட்ட வெள்ளையினக் குடும்பங்களின் செல்வம் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் கைமாறியது.

எதிர்ப்பை, முடிவெடுக்கும் மேசையிலிருந்து தொடங்குங்கள். பாஸ்டன், சிகாகோ நகரங்களில் ஏறத்தாழ 5,000 கற்பனை வேலை விண்ணப்பங்களை அனுப்பி நடத்தப்பட்டு 2004-இல் வெளியான ஆய்வில், வெள்ளையினத்தவருடையவை போன்று ஒலிக்கும் பெயர்களுக்குச் சுமார் 50 சதவீதம் கூடுதலான அழைப்புகள் வந்தன. எனவே, ஆளெடுக்கும் பொறுப்பு உங்களிடம் இருந்தால், முதல் கட்டத்தில் பெயரை மறைத்துவிடுங்கள். எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். மதிப்பெண் முறையை முன்கூட்டியே முடிவுசெய்து, நிராகரித்த காரணத்தை எழுதி வையுங்கள். கூட்டத்தில் ஒருவர் சொன்ன யோசனையை மற்றவர் திரும்பச் சொல்லிப் பாராட்டுப் பெற்றால், 'இதை முதலில் சொன்னவர் இவர். அவரே தொடர்ந்து விளக்கட்டும்' என்று அந்த இடத்திலேயே சொல்லுங்கள். இனத்தைக் கேலிசெய்யும் பேச்சுக்குச் சிரிக்க மறுத்து, அதன் பொருளை விளக்கும்படி கேளுங்கள். பாதிக்கப்பட்டவரிடம் ஆறுதலோ மன்னிப்போ தேடிப் போகாதீர்கள். அவர் சார்பில் பேசுவதற்கு முன் அவருடைய விருப்பத்தைக் கேளுங்கள்.

தனிமனிதத் துணிச்சலால் மட்டும் நிறுவனங்கள் மாறுவதில்லை. சட்டம் அனுமதிக்கும் இடங்களில், ஊதியம், பதவி உயர்வு, ஒழுங்கு நடவடிக்கை ஆகியவற்றின் விவரங்களை இனவாரியாக வெளியிடுமாறு எழுத்து மூலம் கோருங்கள். வேறுபாடு தெரிந்தால், அதைச் சரிசெய்யும் பொறுப்பு யாருடையது, எந்தத் தேதிக்குள் செய்வார்கள் என்பதையும் அதே கடிதத்தில் கேளுங்கள்.