வீடு விற்கப் போறீங்களா? பெயிண்ட் டப்பா வாங்கும் முன்

வீடு பார்க்க வருபவர்கள் ஹாலைப் பாராட்டிவிட்டு, நேராகக் குளியலறையின் வெளிச்சுவரைத்தான் தடவிப் பார்ப்பார்கள். அங்கே ஓதம் ஏறிப் பெயிண்ட் பொரிந்திருந்தால் பேரம் அப்போதே தொடங்கிவிடும். அதன்மேல் புதுப் பெயிண்ட் அடித்து மறைப்பது வீண் செலவு. ஈரம் உள்ளே இருக்கும்வரை பெயிண்ட் மறுபடி உரியத்தான் செய்யும்.

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். இரவில் எல்லாக் குழாய்களையும் மூடி, மேல்தொட்டியில் நீர்மட்டத்தைச் சாக்பீஸால் குறித்து வையுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது. ஃபிளஷ் தொட்டியில் கொஞ்சம் துணி நீலம் கலந்துவிடுங்கள். அரை மணி நேரத்தில், ஃபிளஷ் செய்யாமலே கோப்பையில் நீல நிறம் தெரிந்தால் வாஷர் போய்விட்டது. கழிவறை டைல்ஸ் இடுக்குகளையும், மொட்டை மாடியில் மழைநீர்க் குழாயின் வாயையும் பாருங்கள். பெரும்பாலும் அங்கே காய்ந்த இலை அடைத்து நீர் தேங்கியிருக்கும்.

கசிவை நிறுத்தியபின் பொரிந்த பூச்சைச் சுரண்டிவிட்டு, சுவர் நன்றாகக் காயும்வரை பொறுங்கள். அவசரப்பட வேண்டாம். அப்புறம்தான் பட்டி, பிரைமர், பெயிண்ட்.

மழைக்காலத்தில் கதவு இறுக்கமாக இருந்தால் உடனே இழைக்காதீர்கள், வெயிலில் மரம் சுருங்கி இடைவெளி விழும். கீச்சிடும் கீலுக்கு மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு. தேங்காய் எண்ணெய் விட்டால் தூசி ஒட்டும்.