சம்மர் சால்ஸ்டிஸுக்கு ஃப்ரெண்ட்ஸோட கிராமத்துப் பக்கம் போறீங்களா, ஒரு குச்சி எடுத்துட்டுப் போங்க

வருஷத்துலயே நீளமான பகல்னு சொல்லி எல்லாரையும் கிளப்பிக் கூட்டிட்டுப் போவோம், போனதும் பாட்டைப் போட்டு சாப்பிட்டு மரத்தடியில தூங்கி எழுந்து வந்துருவோம், சூரியனை ஒருத்தரும் சீந்த மாட்டாங்க. நானும் ரெண்டு தடவை அப்படித்தான். மூணாவது தடவை ஒரு குச்சி கொண்டுபோனேன், அப்பதான் இது என்ன நாள்னே உறைச்சுது.

ஸ்டெப் 1, தேதி

பூமியோட வடக்குப் பாதியில இருந்தா ஜூன் 20 இல்ல 21, எப்பவாவது 22. தெற்குப் பாதியில இருக்கறவங்களுக்கு டிசம்பர் 21, 22 வாக்குல வரும், கீழ சொல்ற திசையெல்லாம் அவங்க திருப்பிப் போட்டுக்கணும். பூமி 23.4 டிகிரி சாஞ்சுதான் சுத்துது, ஜூன்ல வடக்குப் பாதி சூரியனைப் பாத்து சாஞ்சிருக்கும், அன்னிக்கு கடகரேகைக்கு நேர் மேல சூரியன். பாடப்புத்தகத்துல கதிர்த்திருப்பம்னு படிச்சது இதுதான். அதே நாள்லதான் போகணும்னு அடம்பிடிக்காதீங்க, ரெண்டு மூணு நாள் முன்னபின்ன ஆனாலும் பகல் நீளம் பெரும்பாலான ஊர்கள்ல நொடிக்கணக்குலதான் மாறும். சனி ஞாயிறா பாத்து வச்சாதான் ஆளுங்க வருவாங்க.

ஸ்டெப் 2, இடம்

ரெண்டு பக்கமும் தொடுவானம் தெரியற வெட்டவெளி வேணும். இங்கதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க, நேர் கிழக்கப் பாத்து உக்காந்துருவாங்க. அன்னிக்கு சூரியன் குறைஞ்சது 23 டிகிரியாவது வடக்க தள்ளித்தான் எழும்பும், நீங்க எவ்வளவு வடக்க இருக்கீங்களோ அவ்வளவு கூடுதலா தள்ளும். மறையறதும் வடமேற்குல. இங்கிலாந்துல இருக்கற பழங்கால கல்வட்டம் ஸ்டோன்ஹெஞ்சோட கல்லுங்ககூட இந்த உதயத்துக்கு நேரா வச்சு நிறுத்துனதுதான். போன்ல காம்பஸ் ஆப் இருந்தா முந்தின சாயங்காலமே திசை பாத்து வச்சுக்கோங்க. நிலத்துக்காரங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு போங்க, நெருப்பு மூட்டப் போறோம்னும் சேத்தே சொல்லிருங்க.

ஸ்டெப் 3, குச்சி

இதுதான் மெயின். சரியா 1 மீட்டர் தரைக்கு மேல நிக்கற மாதிரி ஒரு நேரான குச்சியை சமதரையில நடுங்க, ஒரு நூல்ல கல்லைக் கட்டித் தொங்கவிட்டா செங்குத்தா நிக்குதான்னு தெரிஞ்சுரும். கைநிறைய கூழாங்கல் பொறுக்கிட்டு வாங்க. காலைல 11 மணிலேருந்து 10 நிமிஷத்துக்கு ஒருதடவை நிழலோட நுனியில ஒரு கல் வைக்கணும். 12 மணிக்கே உச்சின்னு நினைச்சு நிறுத்திராதீங்க, ஊரைப் பொறுத்து ஒரு மணியும் ஆகலாம், அதைத் தாண்டியும் போகலாம், நிழல் குறுகிக் குறுகி வந்து திரும்ப நீள ஆரம்பிக்கற வரைக்கும் கல் வச்சுட்டே இருங்க. மொதல்ல எல்லாரும் இதென்ன வேலைன்னு கிண்டல் பண்ணுவாங்க, அரை மணி நேரத்துல அவங்களே அடுத்த கல் நான் வைக்கறேன்னு சண்டைக்கு வருவாங்க. எங்க கூட்டத்துல ஒருத்தன் ஆர்வத்துல குச்சி மேலயே கால் தடுக்கி விழுந்தான், மறுபடி முதல்லேருந்து. அதனால சுத்தி ஒரு கோடு போட்டு வச்சுருங்க.

கல் வரிசையில குச்சிக்கு ரொம்பக் கிட்ட இருக்கறது எதுவோ, அதையும் குச்சியையும் சேத்தா வடக்கு தெற்கு கோடு. இப்ப அந்த நிழலை அளங்க. 40 டிகிரி வடக்கு அட்சரேகையில இருந்தீங்கன்னா சுமார் 30 சென்டிமீட்டர்தான் இருக்கும், டிசம்பர்ல அதே குச்சிக்கு 2 மீட்டர் வரும்! கடகரேகைக்குத் தெற்க, 10 டிகிரி வடக்கு அட்சரேகை வாக்குல இருக்கறவங்களுக்கு இன்னும் வேடிக்கை, சூரியன் அவங்களுக்கு வடக்க நிக்கறதால உச்சி நிழல் தெற்குப் பக்கம் விழும், ஒரு 24 சென்டிமீட்டர். 2,200 வருஷத்துக்கு முன்னாடி எரட்டோஸ்தனிஸ்ங்கற கிரேக்க அறிஞர் இந்த நாளோட உச்சி நிழலை வச்சுதான் பூமியோட சுற்றளவையே கணக்குப் போட்டார்.

சூரியனை நேரா மட்டும் பாக்காதீங்க, கூலிங் கிளாஸ் போட்டாலும் கூடாது. தொப்பி, நிறைய தண்ணி.

ஸ்டெப் 4, ராத்திரி

புல்லை செதுக்கிட்டு மண்ணு தெரியற இடத்துல, சுத்தி கல் அடுக்கி, பக்கத்துல ரெண்டு வாளி தண்ணி வச்சுட்டு நெருப்பு மூட்டுங்க. காத்து அடிச்சா வேண்டவே வேண்டாம், லாந்தர் போதும். வடக்க தூரமா இருந்தா சூரியன் மறைஞ்சப்புறமும் ரொம்ப நேரம் வெளிச்சம் இருக்கும், அதனால சீக்கிரமே நெருப்பு மூட்டி விறகைத் தீத்துராதீங்க. தூங்கப் போறதுக்கு முன்னாடி தண்ணி ஊத்தி, கிளறி, மறுபடி ஊத்தி, புறங்கையை மேல வச்சு சூடு தட்டலன்னா மட்டும் நகருங்க.

கிளம்பும்போது அந்தக் குட்டி நிழல் நீளத்துக்கு ஒரு கயிறு அறுத்து பையில போட்டுக்கோங்க, டிசம்பர்ல அதே கூட்டத்தைக் கூட்டிட்டு அதே இடத்துக்கு வரணும்.