நியூஜெர்சிக்குப் புதிதாக வருபவர்களுக்கு: மொழி சொல்லித்தரும் சார்ட்டர் பள்ளிகள்

வந்து இறங்கிய மாதத்திலேயே யாராவது சொல்லிவிடுவார்கள், "ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் ஹீப்ரு சொல்லித்தருகிற பள்ளி ஒன்று இருக்கிறது, ஃபீஸ் கிடையாது, லாட்டரியில் பெயர் போட்டுவையுங்கள்" என்று. சரி, போடலாம். ஆனால் ஃபீஸ் இல்லை என்றால் யார் கட்டுகிறார்கள் என்று தெரிந்துகொண்டு போடுங்கள்.

இவைதான் சார்ட்டர் பள்ளிகள். நம்மூர் அரசு உதவிபெறும் பள்ளியை நினைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும்: பணம் அரசுடையது, நடத்துவது தனி நிர்வாகக் குழு. மீதிப் பாதி வேறு. நுழைவுத் தேர்வு கூடாது, கட்டணம் கூடாது, மதபோதனை கூடாது, இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல்தான். ஹீப்ருவைப் படிக்க யூதராக இருக்க வேண்டியதில்லை.

நியூஜெர்சியில் 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்தான், அதாவது ஊர்ப் பொதுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்தான், சார்ட்டர் பள்ளிக்குப் பிள்ளைக்கு இவ்வளவு என்று பணம் அனுப்புகிறது. உள்ளூர் சொத்து வரியையும் மாநில உதவியில் ஒரு பங்கையும் தலைக்கு வகுத்து, அதில் 90 விழுக்காடு என்பது அடிப்படைக் கணக்கு. உங்கள் டிஸ்ட்ரிக்ட்டின் பட்ஜெட்டை இணையத்தில் திறந்து பாருங்கள், சார்ட்டர் பள்ளிகளுக்குப் போகும் தொகையைத் தனியாகவே காட்டியிருப்பார்கள். ஒரு வகுப்பிலிருந்து இரண்டு பிள்ளைகள் கிளம்பிப் போனால் அந்த டீச்சர் சம்பளமும் குறையாது, கட்டடத்துக்கு ஹீட்டிங் செலவும் குறையாது, ஆனால் இரண்டு பிள்ளைகளுக்கான பணம் போய்விடும். பக்கத்து வீட்டுக்காரர் சார்ட்டர் என்றதும் முகம் சுளிப்பது இதனால்தான், அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

நியூஜெர்சியின் ஹொபோகென் நகரில் இது நீதிமன்றம் வரைக்கும் போனது. அங்கே 2010இல் தொடங்கிய ஹோலா என்ற ஸ்பானிஷ் இருமொழிப் பள்ளி கூடுதல் வகுப்புகளுக்கு அனுமதி வாங்கியதும், வசதியான வீட்டுப் பிள்ளைகள் அந்தப் பக்கம் போய்விடுகிறார்கள், எங்கள் பள்ளிகளில் பிரிவினை கூடுகிறது என்று டிஸ்ட்ரிக்ட் வழக்குப் போட்டது. 2017இல் மேல்முறையீட்டில் தீர்ப்பு ஹோலாவுக்குச் சாதகமாக வந்தது. வழக்கு முடிந்தாலும் அந்த வாதம் ஊருக்கு ஊர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அப்புறம், பணம் வாங்குகிற பள்ளியைக் கேள்வி கேட்பது யார்? மாநிலக் கல்வி ஆணையர். முதல் அனுமதி 4 ஆண்டுக்கு, பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அப்போது மதிப்பெண், பண நிலைமை, நிர்வாகம் மூன்றையும் பார்ப்பார்கள். இது சும்மா சடங்கு என்று நினைக்காதீர்கள். மினசோட்டாவில் அரபி சொல்லித்தந்த தாரிக் இப்னு ஜியாத் அகாடமி 2003இல் தொடங்கியது. பொதுப் பணத்தில் மதத்தை வளர்க்கிறது என்று 2009இல் சிவில் உரிமை அமைப்பான ஏசிஎல்யூ வழக்குப் போட்டது. அதற்கிடையில் பள்ளியை மேற்பார்வை செய்யும் அமைப்பு மாநிலத்துக்குள் இருக்க வேண்டும் என்று சட்டம் மாறியதில் அந்தப் பள்ளிக்கு மேற்பார்வையாளரே இல்லாமல் போய், 2011இல் மூடிவிட்டார்கள். பிள்ளைகள் வேறு பள்ளி தேட வேண்டியதாயிற்று.

அதனால் லாட்டரிக்கு முன்பே அந்தப் பள்ளியின் ஆண்டுத் தணிக்கை அறிக்கையைப் படியுங்கள். முழுவதும் வேண்டாம், கடைசிப் பக்கங்களில் தணிக்கையாளர் சுட்டிக்காட்டிய குறைகள் இருக்கும், போன வருடக் குறையே இந்த வருடமும் வந்திருந்தால் யோசியுங்கள். நிர்வாகக் குழுக் கூட்டம் பொதுக் கூட்டம்தான், பிள்ளை அங்கே படிக்காவிட்டாலும் போய் உட்காரலாம். ஆவணம் வேண்டுமென்றால் ஓப்ரா சட்டத்தில் எழுதிக் கேட்கலாம், நம்மூர் ஆர்டிஐ மாதிரிதான். புதுப்பிப்பு எந்த வருடம் என்று மட்டும் கட்டாயம் கேளுங்கள்.

விண்ணப்பத்தைக் குளிர்காலத்திலேயே போட்டுவிடுங்கள், கோடைக்கு வந்து நின்றால் காத்திருப்போர் பட்டியல்தான். பள்ளி இருக்கும் டிஸ்ட்ரிக்ட்காரர்களுக்கு முன்னுரிமை உண்டு. முகவரிக்கு லீஸும் கரண்ட் பில்லும், கூடவே தடுப்பூசி அட்டையும் எடுத்துவையுங்கள். விசா பற்றிப் பயம் வேண்டாம், பிள்ளையின் குடியேற்ற நிலையைக் காட்டிப் பொதுப் பள்ளியில் இடம் மறுக்கக் கூடாது என்பது 1982இலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது, சார்ட்டரும் பொதுப் பள்ளிதான். சேர்ந்தபின் நன்கொடை கேட்டுக் கடிதம் வரும். முடிந்தால் கொடுங்கள், முடியாவிட்டால் விடுங்கள், அதை வைத்து இடத்தைப் பறிக்க முடியாது.