குழல்வாயில் இணைப்பு மாற்றிய பின் காற்று ரைபிளின் சைட்டைச் சரிசெய்யும் முறை

காற்று ரைபிளின் குழல்வாயில், அதாவது குழலின் முனையில், நீட்டிப்புக் குழாய், எடை வளையம் போன்ற இணைப்பு ஒன்றைச் சேர்த்தாலும் கழற்றினாலும், அதுவரை இருந்த சைட் (குறிபார்க்கும் கருவி) அளவுகளை இனி நம்ப முடியாது. இலங்கையின் மலையகத்தில் 10 மீற்றர் போட்டிக்குப் புதிதாகப் பழகும் மாணவர்கள் இதை அறியாமல், குண்டு விலகும்போதெல்லாம் தங்கள் கையையே நொந்துகொள்வதைக் காணும்போது வருத்தமாக இருக்கிறது. கீழ்க்கண்ட வேலைகளை அனுமதி பெற்ற சுடுதளத்தில், பயிற்றுநர் அருகில் இருக்கும்போது மட்டுமே செய்ய வேண்டும்.

முதலில் ரைபிளில் குண்டு இல்லை என்பதை உறுதிசெய்து, குழலில் குண்டு இல்லை என்று காட்டும் பாதுகாப்புக் கொடியைச் செருகி, குழலை இலக்குப் பக்கம் திருப்பி வையுங்கள். பிறகு நீட்டிப்புக் குழாயையோ எடை வளையத்தையோ பொருத்துங்கள். குழாய் சற்றே கோணினாலும் வெளியேறும் குண்டு அதன் உட்சுவரை உரசக்கூடும். அப்படி உரசினால் எந்தச் சைட்டாலும் அதைத் திருத்த முடியாது. ஆகவே குழாய் குழலோடு ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்று பார்த்து, திருகுகளைச் சீராக இறுக்குங்கள். மலையகத்தின் ஈரக்காற்றில் இணைப்பின் உள்விளிம்பு துருப்பிடிக்கக்கூடும் என்பதால், கழற்றும்போதெல்லாம் அதைத் துடைத்து மெல்லிய எண்ணெய் பூசுவது நல்லது.

அடுத்து முன் சைட்டைக் கவனியுங்கள். நீட்டிப்புக் குழாயின் முனையில் முன் சைட்டை ஏற்றும்போது இரண்டு சைட்டுகளுக்கும் இடையிலான தூரம் கூடுகிறது. இந்த இணைப்பின் உண்மையான பயன் இதுதான். அந்தத் தூரம் 650 மில்லிமீற்றராக இருக்கையில் முன் சைட் 0.1 மில்லிமீற்றர் பிசகினால், குண்டு இலக்கில் ஏறத்தாழ 1.5 மில்லிமீற்றர் விலகும். 800 மில்லிமீற்றரில் அதே பிசகு 1.25 மில்லிமீற்றராகக் குறைகிறது. இலக்கின் ஒரு வளையம் 2.5 மில்லிமீற்றர் அகலமே என்பதால் இது சிறிய ஆதாயமன்று. ஆனால் முன் சைட் தள்ளிப் போவதால், அதனுள் இருக்கும், இலக்கைப் பார்ப்பதற்கான வளையம் கண்ணுக்குச் சிறிதாகத் தெரியும். இலக்கின் நடுவிலுள்ள கரும்புள்ளியைச் சுற்றி வெண்மை போதிய அளவு தெரியாவிட்டால் ஓரளவு பெரிய வளையத்துக்கு மாறுங்கள்.

இப்போது சைட்டைத் தொடாமல் ஐந்து குண்டுகள் சுடுங்கள். துளைகள் சிதறியிருந்தால் இணைப்பின் இறுக்கத்தையும் உங்கள் நிலையையும் பாருங்கள். நெருக்கமாக இருந்து இடம் மட்டும் மாறியிருந்தால்தான் பின் சைட்டைத் திருப்ப வேண்டும். இந்த வேறுபாட்டைப் பொறுமையாகப் பிரித்தறிவதே இவ்வேலையின் உயிர் என்பது என் உறுதியான கருத்து. குண்டு இடப்புறம் விழுந்தால் பின் சைட்டை வலப்புறமும், தாழ விழுந்தால் மேலேயும் நகர்த்துங்கள். முன் சைட்டின் உயரத்தை மாற்றினாலோ விளைவு எதிராக இருக்கும்: அது உயர்ந்தால் குண்டு தாழும். சைட்டுகளுக்கு இடையிலான தூரம் கூடியிருப்பதால் பின் சைட்டின் திருகைத் திருப்பும்போது கேட்கும் ஒவ்வொரு கிளிக்கும் முன்பைவிடக் குறைவாகவே குண்டை நகர்த்தும். பழைய கணக்கில் திருப்பினால் போதாது.

எடை வளையம் சைட்டுகளின் தூரத்தை மாற்றுவதில்லை. குழல் முன்பக்கம் கனத்து ஆட்டம் குறையும். ஆனால் குழலின் அதிர்வும் வளைவும் நுண்ணளவில் மாறுவதால் குண்டு விழும் இடம் பெயரலாம். உடல் வளராத மாணவருக்கு அதிக எடை தோளைச் சோர்வுறச் செய்யும் என்பதால், ஒரு வளையத்தில் தொடங்கச் சொல்வேன்.

1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் பழகிவிட்டு, அதைவிடத் தாழ்வான கண்டியில் சுடும்போது குண்டு விலகினால் பலர் உயரத்தைக் காரணம் சொல்வர். 10 மீற்றர் தூரத்தில் காற்றடர்த்தியின் விளைவு மிகச் சிறியது. குளிர்ந்த ரைபிளைச் சூடான, ஈரமான அறையில் உடனே பெட்டியிலிருந்து எடுத்தால் முன் சைட்டின் வளையத்தில் நீர் படிந்து பார்வை மங்குவதே பெரும்பாலும் கவனிக்க வேண்டியது. எனவே சுடுவதற்கு முன்பே நேரம் ஒதுக்கி, அறையின் வெப்பநிலைக்கு அது வரும்வரை காத்திருங்கள்.

சர்வதேசப் போட்டி விதிகளின்படி ரைபிளின் எடை 5.5 கிலோகிராமைத் தாண்டக் கூடாது, சுடும்போது ஏற்படும் உதைப்பைக் குறைக்கும் குழல்வாய்த் தடுப்பான்களுக்கும் (muzzle brake) அனுமதி இல்லை. புதிய இணைப்பு வாங்குமுன் எடையையும் நீளத்தையும் பயிற்றுநரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.