மீன் சீரத்துல லைசோசைம் அளக்குறது எப்படி? புதுசா லேப்ல நுழைஞ்சவங்களுக்கு

ரோகு, கட்லா குளத்துல ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலாங்கற பாக்டீரியா புகுந்துச்சுன்னா மேல ரத்தத்திட்டு, வயிறு வீங்கி செதில் நிமிர்ந்துக்கும். அதெல்லாம் வெளிய தெரியுறதுக்கு முன்னாடியே மீனுக்குள்ள சண்டை ஆரம்பிச்சிருக்கும். பாக்டீரியா நீந்துறதுக்கு வச்சிருக்க வால்ல ஃபிளாஜெல்லின்னு ஒரு புரதம், அதை டிஎல்ஆர்-5ங்கற ரிசெப்டர் புடிச்சிக்கும் (நமக்கும் இது உண்டு, ஆனா பல மீன்கள்ல செல் சவ்வுல ஒட்டாம கரைஞ்சே இருக்குற இன்னொரு வகையும் இருக்கு), உடனே செல்லுக்குள்ள சிக்னல் போயி ஐஎல்-1 பீட்டா மாதிரி அழற்சி புரதங்கள் கிளம்பும். இதை ஜீன் லெவல்ல பாக்கணும்னா பிசிஆர், பிரைமர்னு செலவு இழுத்துரும். முதல்ல லைசோசைம்ல (பாக்டீரியாவோட செல் சுவரை அறுக்குற நொதி) ஆரம்பிங்க, கரைசல் வழியா எவ்வளவு வெளிச்சம் போகுதுன்னு அளக்குற சாதா ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரே போதும்.

ஸ்டெப் 1: ரத்தம் எடுக்குறது

உயிர் மீனுங்கறதால எதிக்ஸ் கமிட்டி அனுமதி முதல்ல. கிராம்பு எண்ணெய் கலந்த தண்ணில மீனை மயக்கி, வால் பக்க நாளத்துல ஊசி போட்டு மெதுவா இழுங்க. அவசரப்பட்டு ட்யூப்ல பீச்சி அடிச்சா ரத்த அணு ஒடைஞ்சு சீரம் சிவந்துரும், ஹீமோகுளோபின் 540 நானோமீட்டர் பக்கத்துல வெளிச்சத்த உறிஞ்சும், நாம ரீடிங் எடுக்குறதோ 530ல, அப்புறம் எது லைசோசைம் எது ரத்தம்னே தெரியாது. ரோஸ் கலரா வந்த சாம்பிளை யோசிக்காம ஒதுக்கிருங்க. ரத்தம் உறைய விட்டு, சென்ட்ரிஃப்யூஜ் பண்ணி, மேல நிக்குற தெளிஞ்ச சீரத்த மட்டும் எடுத்து ஐஸ்ல வைங்க.

ஸ்டெப் 2: பாக்டீரியா கரைசல்

லைசோசைம் அறுக்குறதுக்கு ஒரு பாக்டீரியா வேணும், அதுக்கு காய வச்ச மைக்ரோகாக்கஸ் பவுடர் கடையில கிடைக்கும். 0.05 மோலார் பாஸ்பேட் பஃபர், பிஎச் 6.2, அதுல மில்லிக்கு 0.2 மில்லிகிராம். நல்லா குலுக்குங்க, கட்டி இருக்கக்கூடாது.

ஸ்டெப் 3: ரீடிங்

வெறும் பஃபர் வச்சு ஜீரோ பண்ணிட்டு, குவெட்ல (மெஷினுக்குள்ள வைக்கிற சின்ன கண்ணாடி மாதிரி குப்பி) 1.9 மில்லி கரைசல், 0.1 மில்லி சீரம், கலக்கி டைமர் ஆன். அரை நிமிஷத்துல ஒண்ணு, நாலரை நிமிஷத்துல இன்னொண்ணு. லைசோசைம் செல் சுவரை அறுக்க அறுக்க கலங்கல் தெளிஞ்சு ரீடிங் (ஓ.டி., அதாவது கலங்கல் வெளிச்சத்த எவ்வளவு தடுக்குதுங்கற அளவு) குறையும். சீரத்துக்குப் பதிலா பஃபர் போட்ட கண்ட்ரோல் ஒண்ணு கட்டாயம் ஓட்டுங்க, ஏன்னா செல்லு தானாவே அடியில படிஞ்சும் கொஞ்சம் குறையும், அதை கழிக்கணும்.

ஸ்டெப் 4: கணக்கு

ரீடிங் நிமிஷத்துக்கு 0.001 குறைஞ்சா 1 யூனிட். உதாரணமா, கண்ட்ரோலை கழிச்ச பிறகு 0.620ல இருந்து 0.500க்கு வந்துச்சுன்னா 4 நிமிஷத்துல 0.120, நிமிஷத்துக்கு 0.030, அதாவது 30 யூனிட். போட்டது 0.1 மில்லி சீரம், அதனால மில்லிக்கு 300. இந்த பத்தால பெருக்குறத நிறைய பேரு விட்டுர்றாங்க.

ரிசல்ட் எழுதும்போது ஒண்ணு கவனிங்க. மைக்ரோகாக்கஸ் கிராம் பாசிட்டிவ், சுவர் வெளியவே இருக்கு, லைசோசைம் நேரா கைய வைக்கும். ஏரோமோனாஸ் கிராம் நெகட்டிவ், அதுக்கு வெளிய இன்னொரு சவ்வு இருக்கு, சீரத்துல இருக்குற காம்ப்ளிமென்ட்ங்கற எதிர்ப்பு புரதங்கள் அதுல ஓட்டை போட்டாத்தான் லைசோசைம் உள்ள நல்லா போக முடியும். அதனால 300 வந்துச்சுன்னு "மீனுக்கு ஏரோமோனாஸ் எதிர்ப்பு கூடிருச்சு"ன்னு எழுதிடாதீங்க, லைசோசைம் செயல்பாடு இவ்வளவுன்னு மட்டும் போடுங்க. எதிர்ப்பைப் பத்தி பேசணும்னா அதே சீரத்த உயிருள்ள ஏரோமோனாஸோட கலந்து வச்சு, தட்டுல பரப்பி, எத்தனை காலனி மிஞ்சுதுன்னு எண்ணணும்.