ஆட்டுப்பட்டி லைட்டுக்கு சோலார் சார்ஜ் போடுவது எப்படி?

காங்கேயம் பக்கம் எங்க மாமன் தோட்டத்துல, பட்டி லைட்டோட பேட்டரியில சோலார் பேனல் ஒயரை நேரா சேர்த்துட்டாருங்க. நாலாம் நாள் பாத்தா, தட்டை பேட்டரி உப்பிக் கெடந்துச்சு. ரெண்டடி தள்ளி சோளத்தட்டுப் போர். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சாலே ஈரக்குலை நடுங்குது.

முதல்ல லைட்டைக் கழட்டி, பேட்டரி மேல என்ன போட்டிருக்குன்னு பாருங்க. 3.7 வோல்ட்னா லித்தியம் அயான், 4.2 வோல்ட் வந்ததும் சார்ஜ் நிக்கணும். 3.2 வோல்ட்னா லித்தியம் அயர்ன் பாஸ்பேட், அதுக்கு 3.65 தான் எல்லை. கனமா, 4 இல்ல 6 வோல்ட்னு இருந்தா அது லெட் ஆசிட். இங்க சொல்றது 3.7 வோல்ட் ஒத்தை செல்லுக்கு மட்டுமுங்க.

4.2-ல நிறுத்துற வேலையைப் பேனல் செய்யாது. வெயில் இருக்கிற வரைக்கும் தள்ளிட்டே இருக்கும். அதுக்குத்தான் நடுவுல டிபி4056 சார்ஜிங் போர்டு. இன், பி, அவுட் ஒவ்வொண்ணுக்கும் பிளஸ், மைனஸ்னு ஆறு முனை இருக்கறதா கேட்டு வாங்குங்க. அவுட் இல்லாத நாலு முனை போர்டுல பேட்டரிப் பாதுகாப்பு இருக்காது.

பேனல் 6 வோல்ட், 3 வாட் போதும். வெயில்ல வச்சு மல்டிமீட்டர்ல அளந்து பாருங்க. 8 வோல்ட்டைத் தாண்டினா இந்த போர்டுல மாட்டாதீங்க. 12 வோல்ட் பேனல், எதுவும் மாட்டாம அளந்தா 20 வோல்ட்டுக்கு மேல காட்டும். போர்டு அப்பவே போயிரும்.

அடுத்து ஒயர். செல் மேல நேரா சால்டர் வைக்காதீங்க, சூட்டுல உள்ளே கெட்டுரும், ஹோல்டர் வாங்கிக்கோங்க. பிளஸ், மைனஸை ரெண்டு தடவை சரிபார்த்து பேட்டரியை பி முனையிலயும், லைட்டை அவுட்லயும், கடைசியா பேனலை இன்லயும் சேருங்க. லைட் எரியலைன்னா பயப்பட வேண்டாம், பேனலை மாட்டினதும் போர்டு முழிச்சுக்கும். சிவப்பு எரிஞ்சா சார்ஜ் ஏறுது. நீலமோ பச்சையோ வந்தா நிறைஞ்சிருச்சு. 2000 மில்லி ஆம்பியர் அவர் செல்லுக்கு நல்ல வெயில்ல அஞ்சாறு மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் லைட்டை அணைச்சே வைங்க, இல்லைன்னா எப்ப நிறைஞ்சுதுன்னு போர்டுக்குத் தெரியாது.

பேனல் வெயில்ல, பேட்டரி நெழல்ல. இதை மட்டும் விட்டுராதீங்க. 45 டிகிரிக்கு மேல லித்தியம் செல்லுக்கு சார்ஜ் ஏத்தக் கூடாது. சித்திரை வெயில்ல தகரக் கூரைக்கு அடியில அது சாதாரணமா தாண்டும். பேனலுக்குப் பின்னாடியும் ஒட்டாதீங்க. சாளை, அதாவது தோட்டத்து வீட்டுத் திண்ணையில, தட்டுப் போர், வைக்கோல் பக்கத்துல இல்லாம, சுவத்துல மாட்டுங்க. பேனலைத் தெக்கு பாத்து லேசா சாய்ச்சு, கம்பி போட்டுக் கட்டுங்க. பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற ஆடிக் காத்து சும்மா வச்ச பேனலைத் தூக்கிரும்.

மொத நாள் சாயங்காலம் பேட்டரியை அளந்து பாருங்க. 4.2-ஐ ஒட்டி இருந்தா சரி. 4.3-ஐத் தொட்டா போர்டு பழுது, உடனே கழட்டுங்க. உப்பின பேட்டரியைக் குத்தவோ மறுபடி சார்ஜ் போடவோ கூடாது. மணல் போட்ட மண்சட்டியில, வாசலுக்கு வெளியே வச்சிருந்து, மின்கழிவு வாங்குற எடத்துல குடுத்துருங்க.