குமரி மாவட்டத்தில் அடுக்களை: ஈரத்தை முன்வைத்து ஒரு திட்டம்

வீடு கட்டும்போதும் பழைய அடுக்களையைப் புதுப்பிக்கும்போதும் பலர் முதலில் கேட்பது அலமாரிக்கு என்ன நிறம் என்பதுதான். குமரி மாவட்டத்தில் அது கடைசிக் கேள்வியாக இருக்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை என்று இரண்டையும் வாங்குகிற மண் இது. கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். வறண்ட ஊர்களுக்காக வரைந்த அடுக்களையை அப்படியே இங்கே கொண்டுவந்தால் அலமாரிக் கதவு உப்பும், கீல் துருப்பிடிக்கும், அப்பளக்கட்டில் பூஞ்சை பிடிக்கும். எனவே ஒவ்வொரு முடிவையும் ஒரே கேள்வியை வைத்து எடுப்போம்: ஈரம் எங்கே சேருகிறது, எந்த வழியாக வெளியேறுகிறது?

முதல் படி: தரையில் வரைந்து நடந்து பாருங்கள்

கணினிப் படத்துக்கு முன் ஒரு சாக்பீஸ் போதும். அறையின் தரையில் அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, குளிர்சாதனப் பெட்டி மூன்றையும் வரையுங்கள். பிறகு தேங்காய் அரைத்த மீன்குழம்பு வைப்பதாக நினைத்துக்கொண்டு நடந்து பாருங்கள். மீன் எங்கே கழுவப்படுகிறது? தேங்காயை எங்கே உடைத்து, எங்கே துருவி, எங்கே அரைக்கிறீர்கள்? புளி கரைத்த பாத்திரம் எந்தப் பக்கம் போகிறது?

தொட்டி, அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி மூன்றையும் இணைக்கும் முக்கோணத்தின் பக்கங்களைக் கூட்டினால் 13 முதல் 26 அடிக்குள் இருக்க வேண்டும் என்ற கணக்கு 1940களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உருவானது. கணக்கு நல்லதுதான். ஆனால் தினமும் தேங்காய் அரைக்கிற வீட்டில் குளிர்சாதனப் பெட்டியைவிட மிக்ஸிக்கே அதிகம் நடக்கிறோம். ஆகவே மிக்ஸி இருக்குமிடத்தை நான்காவது முனையாகச் சேர்த்து, தொட்டிக்கும் அடுப்புக்கும் நடுவில் வையுங்கள். அரைத்ததும் ஜாரைக் கழுவவும், அரைப்பைக் குழம்பில் சேர்க்கவும் இரண்டு பக்கமும் கையெட்டும். தொட்டிக்கும் அடுப்புக்கும் இடையே குறைந்தது இரண்டரை அடி மேடை இருந்தால் தண்ணீர் அடுப்பில் தெறிக்காது.

அறை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: சாப்பாட்டு இடம் தனியாக இருந்தால் அடுக்களைக்குக் குறைந்தது 5 சதுர மீட்டர் பரப்பும் 1.8 மீட்டர் அகலமும் வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. நடைமுறையில் 10 அடிக்கு 8 அடி இருந்தால் ஒரு குடும்பத்துக்குத் தாராளம். அதற்குமேல் கிடைக்கும் இடத்தை அடுக்களைக்குக் கொடுக்காமல் அடுத்த படிக்குக் கொடுங்கள்.

இரண்டாம் படி: ஈரவேலைக்கு வெளியே ஓர் இடம்

நம் பக்கத்து வீடுகளில் அடுக்களைக்குப் பின்னால் ஒரு சார்ப்பு இருப்பது வழக்கம். இப்போது எல்லோரும் அதை ஒர்க் ஏரியா என்கிறார்கள். வீடு சிறியதாகிவிட்டது, செலவு கூடிவிட்டது என்று முதலில் வெட்டப்படுவதும் அதுதான். என்னைக் கேட்டால், மாடுலர் அலமாரியில் பாதியைக் குறைத்தாவது இதைக் காப்பாற்ற வேண்டும். உள்ளே சேர வேண்டிய ஈரத்தில் பெரும்பகுதியை வாசலுக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவது இந்த இடம்தான்.

இங்கே நான்கு வேலைகள் நடக்கட்டும்: மீன் கழுவுதல், தேங்காய் உடைத்தல், மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) தோலுரித்தல், பலாப்பழம் வெட்டுதல். இடுப்பளவு உயரத்தில் ஒரு கருங்கல் மேடை, ஒரு குழாய், கீழே வாட்டமான தரை இருந்தால் போதும். மீன் கழுவும் தண்ணீருக்குத் தனிக்குழாய் போட்டுத் தென்னை மூட்டுக்கு, அதாவது மரத்தடிக்கு, விடுங்கள். சோப்புத் தண்ணீரை அதோடு சேர்க்காதீர்கள். செதிலையும் குடலையும் ஆழமாகக் குழிதோண்டிப் புதைக்காவிட்டால் தெருநாய் தோண்டிப் போட்டுவிடும்.

இடமிருந்தால் ஒரு விறகடுப்பும் வையுங்கள். சிரட்டையும் மடலும் வீட்டிலேயே கிடைக்கின்றன. சம்பா அரிசி வேக நேரம் பிடிக்கும். அந்த நேரமெல்லாம் எழும் ஆவி உள்ளே சுவரில் படியாமல் வெளியிலேயே போய்விடும். ஓணத்துக்கு நேந்திரங்காய் வறுக்கிற எண்ணெய்ப் புகைக்கும் இதுவே இடம். கூரையை மட்டும் நீட்டி இறக்குங்கள். ஜூன் மாதச் சாரல் பக்கவாட்டில் அடிக்கும்.

மூன்றாம் படி: காற்று

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்பதற்குக் காரணம் கணவாய் வழியாக வரும் மேற்குக் காற்று. அந்தப் பக்கத்தில் வீடு என்றால் அடுப்புக்கு நேராக மேற்குச் சன்னல் வைக்காதீர்கள். தீ ஒரு பக்கமாகச் சாய்ந்து, பாத்திரம் சூடேறுவதற்குள் எரிவாயு வீணாகும். அக்னிமூலை என்று தென்கிழக்கில் அடுப்பு வைக்கும் வழக்கத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். மேற்கிலிருந்து காற்று வீசும் மாதங்களில் கிழக்குச் சுவரோரம் எழும் புகை வீட்டுக்குள் திரும்பாமல் வெளியேறும் என்பது மட்டும் உண்மை.

எதிரெதிரே இரண்டு திறப்புகள் இருக்க வேண்டும்: ஒரு சன்னல், ஒரு பின்கதவு. கூரைக்கு அருகே ஒரு எக்ஸாஸ்ட் மின்விசிறி. சிம்னி வாங்குவதாக இருந்தால் வெளியே குழாய் செல்லும் வகையை மட்டும் வாங்குங்கள். காற்றை வடிகட்டி மறுபடி அறைக்குள்ளேயே விடுகிற வகை, எண்ணெய்ப்பிசுக்கைப் பிடிக்குமே தவிர நீராவியை வெளியேற்றாது.

நான்காம் படி: உயரமும் பொருளும்

மேடைக்கு எல்லோருக்கும் பொதுவான உயரம் கிடையாது. சமைப்பவர் நேராக நின்று முழங்கையை மடக்கட்டும். முழங்கைக்கு 4 முதல் 6 அங்குலம் கீழே மேடை இருக்க வேண்டும். ஐந்தடி உயரமுள்ளவருக்கு இது ஏறத்தாழ 32, 33 அங்குலம் வரும். வேலை தொடங்குமுன் கொத்தனாரிடம் இந்த அளவைச் சுவரிலேயே குறித்துக் கொடுங்கள். ஆழம் 24 அங்குலம்.

மேடைக்குக் கிரானைட் போதும். பளிங்கு வேண்டாம், புளியும் எலுமிச்சையும் அதை அரித்துவிடும்.

அலமாரியில்தான் ஏமாற்றம் அதிகம். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை மலிவு, ஆனால் ஓரத்தில் தண்ணீர் இறங்கினால் உப்பி உதிரும். ஒட்டுப்பலகை என்றால் ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள, தண்ணீரைத் தாங்கும் வகையைக் கேளுங்கள். தொட்டிக்குக் கீழே எந்தப் பலகையும் வேண்டாம். அங்கே காற்றோட்டமுள்ள அலுமினியக் கதவு போதும், அல்லது திறந்தே விட்டுவிடலாம். அலமாரியின் அடிப்பகுதி தரையிலிருந்து 4 அங்குலமாவது உயர்ந்திருக்கட்டும். தொட்டிக்கும் கூடைக்கும் எவர்சில்வர் வாங்கும்போது 304 ரகமா, 202 ரகமா என்று கேளுங்கள். 202இல் நிக்கல் குறைவு, கடற்காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும். குளச்சல், முட்டம் மாதிரிக் கடலை ஒட்டிய ஊர்களில் 304இலும் பழுப்புப் புள்ளி விழும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்தால் போகும்.

ஐந்தாம் படி: எரிவாயு

சிலிண்டரில் வரும் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோரமாகத் தேங்கும். அதனால் சிலிண்டரை மூடிய அலமாரிக்குள் வைப்பதாக இருந்தால் கதவின் அடியில் துளைகள் வேண்டும். சிலிண்டர் நிமிர்ந்தே நிற்க வேண்டும், அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். ரப்பர் குழாயை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். வாடை வந்தால் மின்விசிறி, விளக்கு எந்தச் சுவிட்சையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவுகளைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906 என்ற எண்ணை அழையுங்கள்.

ஆறாம் படி: தினமும் சுத்தம்

சுத்தம் என்றால் இங்கே உலர்த்துதல் என்றே எடுத்துக்கொள்ளலாம். இரவில் பாத்திரம் கழுவியதும் மேடையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு நிறுத்திவிடுகிறோம். அதன்மேல் ஒரு உலர்ந்த துணி போக வேண்டும். கரப்பான்பூச்சி உணவில்லாமல் பல நாள் தாங்கும், தண்ணீரில்லாமல் அவ்வளவு நாள் தாங்காது. தொட்டியையும் துடைத்து, தேய்ப்பானைப் பிழிந்து, தண்ணீர் வடியும் கம்பித்தட்டில் நிறுத்துங்கள். பாத்திரத் துணிகளை வாரம் ஒருமுறை கொதிநீரில் போட்டு வெயிலில் காயவையுங்கள்.

மீன் வெட்டும் பலகையும் கத்தியும் தனியாக இருக்கட்டும். கழுவும்போது முதலில் குளிர்ந்த தண்ணீர், பிறகு சோப்பு. எடுத்த எடுப்பில் வெந்நீர் ஊற்றினால் மீனின் புரதம் இறுகி ஒட்டிக்கொள்ளும், வாடையும் போகாது. மீன் வைக்கும் மண்சட்டிக்குச் சோப்பே வேண்டாம். மண் அதை உறிஞ்சிக்கொள்ளும். வெந்நீரும் கடலைமாவும் தேங்காய் நாரும் போதும். கழுவிய சட்டி நன்றாகக் காய்ந்த பிறகுதான் மூட வேண்டும்.

பலாப்பிசின் பிடித்த கத்தியைச் சோப்பால் தேய்ப்பது வீண்வேலை. தேங்காய் எண்ணெயைத் தடவித் துணியால் துடைத்துவிட்டு அப்புறம் கழுவுங்கள். வெட்டுவதற்கு முன்பே கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவுகிறவர்களுக்கு இந்த வேலையும் மிச்சம். பொரித்த எண்ணெயை ஒருபோதும் தொட்டியில் ஊற்றாதீர்கள். குழாய்க்குள் பிசுக்குப் படிந்து அதில் தேங்காய்ப்பூவும் சோறும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும்.

சுத்தம் செய்யும் திரவங்களில் ஒரே ஓர் எச்சரிக்கை: பிளீச்சையும் வினிகரையும் கலக்காதீர்கள். நச்சு வாயுவான குளோரின் வெளிவரும்.

ஏழாம் படி: மே மாத வேலை

மழைக்கு முன்னால், மே மாத வெயில் இருக்கும்போதே ஒரு பெரிய துப்புரவு வையுங்கள். மிளகாய், மல்லி, பருப்பு, கொடம்புளி, வற்றல் எல்லாவற்றையும் முற்றத்தில் காயவைத்து, சூடு ஆறிய பிறகு காற்றுப்புகாத டப்பாக்களில் அடையுங்கள். சூட்டோடு அடைத்தால் உள்ளேயே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். காலியான அலமாரித் தட்டுகளைத் துடைத்து, கதவுகளை ஒரு பகல் முழுக்கத் திறந்துவைத்திருங்கள். எக்ஸாஸ்ட் மின்விசிறியின் இதழ்களைக் கழற்றிச் சோடா உப்பு கரைத்த வெந்நீரில் ஊறவையுங்கள், மின் இணைப்பைத் துண்டித்த பிறகு. ஒர்க் ஏரியா கூரையில் ஓடு விலகியிருக்கிறதா, தரையில் தண்ணீர் எங்காவது தேங்குகிறதா என்று ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

அலமாரிக் கீல்களுக்கும் அப்போதே எண்ணெய் விடுங்கள். கைக்குக் கிடைக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் விட வேண்டாம், அது பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். தையல் இயந்திரத்துக்கு விடும் எண்ணெய் ஒரு சொட்டு போதும்.